நோய்க்கும் மருந்துக்கும் நடுவே: சிலாங்கூர்த் தோட்டங்களின் மலேரியா வரலாறு கற்பிக்கும் பாடம்

நம்மவர் சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களிலே தீர்மானங்களுக்குக் குறைவில்லை. குடி ஒழிக, கல்வி வளர்க, கடன் தொலைக, சாதி வேற்றுமை அழிக என்று ஆண்டுதோறும் எழுதி வருகின்றோம். முதற்பத்தியிலே குறை இன்னதென்று காணப்படும். அடுத்த பத்தியிலே பரிகாரம் இன்னதென்று காணப்படும். அப்பரிகாரம் எவ்வழியாகச் சென்று அக்குறையைத் தீர்க்கும் என்று கூறும் பத்தியைக் காண்பதோ அரிது. நோய்க்கும் மருந்துக்கும் நடுவேயுள்ள இவ்வெற்றிடத்திலேதான் நமது சீர்திருத்த முயற்சிகளுட் பல வீழ்ந்து மறைந்தன என்பது நமது துணிபு.

இவ்வெற்றிடத்தை நிரப்பும் எண்ணத்தொடருக்கு மேனாட்டுச் சமூகவியலார் ‘மாற்றக் கோட்பாடு’ என்று பெயரிட்டிருக்கின்றனர். 1995-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியை கேரல் வைஸ் எழுதிய கட்டுரை ஒன்றினால் இப்பெயர் பெரிதும் பரவலாயிற்று. பெயர் புதிதாயினும் பொருள் பழையது. பிணி யாது, அதன் வேர் யாது, அவ்வேரைத் தணிக்கும் உபாயம் யாது என்று முறையே ஆராய்ந்த பின்னரே மருத்துவன் கைவைக்க வேண்டுமென்பது வள்ளுவர் காலந்தொட்டே தமிழர் அறிந்ததொன்று. அறிந்ததைச் செய்தோமா என்பதே வினா. அதற்கு விடைகாண நூல்நிலையங்களைத் தேடி ஓட வேண்டுவதில்லை. கிள்ளானிலிருந்து காப்பார், ஜெரம் வழியாகக் கோல சிலாங்கூர் வரையிலும், கிழக்கே பத்தாங்காலி, கோலகுபு மலைச்சாரல் வரையிலும் பரந்துள்ள தோட்டங்களின் வரலாறே போதும். அது மலேரியாவின் வரலாறு. நம் முன்னோரின் உயிர் வரலாறு.

கிள்ளானின் கதை

1901-ஆம் ஆண்டு ஜனவரியில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள் அங்கு வேலைசெய்தோர் பெரும்பாலோர் காய்ச்சலில் விழுந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. கிள்ளான், துறைமுகம் ஆகிய இரண்டிடங்களிலும் அவ்வாண்டில் இறந்தோர் 582 பேர். அவருள் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர்.

காரணம் யாதென வினவியபோது பலர் பலவாறு கூறினர். கெட்ட காற்று என்றனர் சிலர். மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் அதுதான் பொருள். புதுமண்ணைக் கிளறியதால் எழுந்த ஆவி என்றனர் வேறு சிலர். தெய்வக் குற்றம் என்றோரும் உண்டு. இவற்றுள் எதை நம்பினாலும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. காற்றைக் கட்டிவைக்க இயலாது. தெய்வத்துக்குப் பொங்கலிடலாம், அவ்வளவே.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்பவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். அவ்வறிவை வாட்சன் ஒரு சங்கிலியாகக் கோத்தார். தேங்கிய நீரில் கொசுப்புழு, புழுவினின்று கொசு, கொசுவின் கடியால் நோய், நோயாளியைக் கடித்த கொசுவால் மீண்டும் நோய். சங்கிலி புலப்பட்ட பின்னரே எக்கண்ணியை வெட்டலாம் என்னும் வினா பிறக்கிறது. ஒவ்வொருவரையும் நாள்தோறும் கொயினா விழுங்கச் செய்யலாம். ஒவ்வொருவரையும் வலைக்குள் உறங்கச் செய்யலாம். இவ்விரண்டும் ஆயிரக்கணக்கான மனிதரின் தினசரி ஒழுக்கத்தை நம்பி நிற்பவை. நீரை வடித்துவிடுவதோ ஒரு முறை செய்து, பின்னர்ப் பேணிக் காக்கும் காரியம். ஆதலின் அவர் காட்டை வெட்டிச் சதுப்பு நிலத்தை வடிக்குமாறு அரசினரைத் தூண்டினார்.

1902-இல் காய்ச்சல் மரணம் 59 ஆகக் குறைந்தது, 1905-இல் 45. இங்கு நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியவை இரண்டு. ‘பிற நோய்கள்’ என்று எழுதப்பட்ட மரணங்களும் 1901-இல் 214 ஆக இருந்தவை 1902-இல் 85 ஆயின. பிறநோய் எனப் பெயர் பெற்றவற்றுட் பலவற்றின் வேரும் மலேரியாவே என்பது இதனால் விளங்கிற்று. மற்றொன்று இதனினும் சிறந்தது. கால்வாய் வெட்டப்படாத பிற கிள்ளான் வட்டாரப் பகுதிகளின் மரணக் கணக்கையும் வாட்சன் அருகில் வைத்துக் காட்டினார். அங்கு மரணம் குறையவில்லை. மழை குறைந்ததால் நோய் குறைந்தது என்று எவரும் தட்டிக்கழிக்க இடமில்லாமற்போயிற்று. செய்த இடத்தையும் செய்யாத இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இப்பழக்கம் நம் சங்கங்களில் எத்தனைக்கு உண்டு?

ஒரு நோய், மூன்று நீர்

பின்னர் ரப்பர்க் காலம் வந்தது. கப்பல் கப்பலாக நம்மவர் வந்திறங்கினர். 1911-ஆம் ஆண்டில் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் ஆயிரவருக்கு அறுபதின்மருக்கு மேல் இறந்தனர். நூறு பேர் கொண்ட லயத்தில் ஆண்டுதோறும் ஆறு பேரைப் புதைத்தனர் என்பது இதன் பொருள். அவ்வாண்டிலேதான் அரசினர் மலேரியா ஆலோசனைச் சபையை ஏற்படுத்தினர்.

கடலோரச் சமவெளித் தோட்டங்களில் கிள்ளானின் வழி பலித்தது. அங்கு நோய் பரப்பிய அம்புரோசஸ் என்னும் அனோபிலிஸ் கொசு நிழல் படர்ந்த காட்டுச் சதுப்பை நாடுவது. காட்டை அழித்து நீரை வடித்தால் அது வாழ இடமில்லை. லயங்களைக் காட்டோரத்தினின்று அரை மைல் விலக்கிக் கட்டினால் நோய் வெகுவாகக் குறைந்தது. தோட்டத்துக் குழந்தைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியிருப்போர் எத்தனைபேர் என்று எண்ணியே வாட்சன் ஒவ்வொரு தோட்டத்தின் நிலையையும் அளந்தார்.

அதே மருந்தை மலையடிவாரத் தோட்டங்களுக்குக் கொண்டுசென்றபோது விந்தை நிகழ்ந்தது. ஓடைப் பள்ளத்தாக்குகளில் காட்டை வெட்டினர், நீர் தெளிந்து ஓடியது, வெயிலும் பட்டது. நோயோ நீங்கவில்லை, பலவிடத்து மிகுந்தது! காரணம், மலைப்பாங்கில் நோய் பரப்புவது மாக்குலாட்டஸ் என்னும் வேறோர் இனம். அது வெயில் படும் தெளிந்த ஊற்றிலும் ஓடையிலும் முட்டையிடுவது. சமவெளியில் கொசுவுக்குப் பகையான வெயில் மலையில் கொசுவுக்கு நட்பாயிற்று. கடற்கழிமுகத்திலோ மூன்றாவது இனம்; கண்டல் மரங்களை வெட்டிக் கரையை உடைந்தபடி விட்டால் உவர்நீர்க் குட்டைகளில் அது பெருகும்.

நோயின் பெயர் ஒன்றே. ஆயினும் நீர் மூன்று, கொசு மூன்று, பரிகாரமும் மூன்று. மலையில் ஓடைகளைக் குழாய்களில் அடக்கி மண்ணுக்குள் மறைத்தனர். 1914 முதல் அதனினும் செலவு குறைந்த வழியாக வாரந்தோறும் நீர்மேல் எண்ணெய் தெளிக்கலாயினர். இவ்வறிவைப் பின்பற்றியே டச்சு இந்தியாவில் சுவெல்லென்கிரேபெல் என்பவர் ‘இனவாரித் துப்புரவு’ என்னும் முறையை வகுத்தார். ஓரிடத்தில் வெற்றி பெற்றதென்பதற்காகவே ஒரு திட்டத்தை மற்றோரிடத்துக்கு அப்படியே பெயர்த்து நடக்கூடாது. இதுவே அம்முறையின் சாரம்.

இந்தக் கால்வாய்களை வெட்டியோர் யார், எண்ணெய்த் தகரத்தை முதுகிற் சுமந்து ஓடை ஓடையாக நடந்தோர் யார் என்பதையும் மறத்தலாகாது. வாட்சனுக்கு 1924-இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது, அது தகுதியே. மண்வெட்டி பிடித்த தமிழனின் பெயரை எந்த ஏடும் எழுதிவைக்கவில்லை.

வாட்சனின் சங்கிலிக்கும் எல்லையுண்டு. நோயாளி பால் வெட்ட இயலாது. இறந்தவனுக்குப் பதிலாளைக் கொண்டுவரச் செலவாகும். ஆதலால் கொசுவை ஒழிப்பது துரைமாருக்கும் இலாபம். எவர் பணம் செலவிடுவார், ஏன் செலவிடுவார் என்பதும் சங்கிலியின் ஒரு கண்ணியே. அது வலுவாக இருந்தவரை வேலை நடந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கால்வாய்கள் தூர்ந்தன. எண்ணெய்க்கும் பஞ்சம் வந்தது. காய்ச்சலும் திரும்பி வந்தது. மேலும், அச்சங்கிலி தொழிலாளியின் உயிரைக் காத்ததேயன்றி, அவன் கூலியையும் மானத்தையும் கருதவில்லை. அவற்றை அவனே கேட்கவேண்டியிருந்தது.

கள்ளுக்கடையின் பாடம்

அவன் கேட்டான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளை நோக்குக. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களுக்குத் தொல்லை செய்யாமை, துரையின் முன் சைக்கிளிற் செல்லும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடுவதும் அவற்றுள் ஒன்று. குடியைத் தனிப்பாவமாக எண்ணாது, கூலியோடும் கல்வியோடும் மானத்தோடும் சேர்த்தெண்ணியது அத்தொழிலாளரின் நுண்ணறிவு. மறுமொழியாக வந்தது துப்பாக்கிச் சூடு, நாதன் நாடுகடத்தப்பட்டார்.

யுத்தத்திற்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். அவர்களது தியாகத்தை நாம் வணங்குகின்றோம். ஆயினும், காலப்போக்கில் கள் தளர்ந்த இடத்தில் சம்சு என்னும் மலிந்த சாராயம் புகுந்தது. அதன் கேட்டை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலம் பிரசாரம் செய்யவேண்டி வந்தது. கடை ஒரு கண்ணிதான். உடல்வலியா, கையிலுள்ள காசுக்கு வேறு போக்கின்மையா, மாலைப் பொழுதைக் கழிக்க வேறிடமின்மையா, கடனால் வந்த மனமுறிவா, எதனால் இவன் குடிக்கிறான் என்று எவரும் இடந்தோறும் கேட்கவில்லை. குடியிலும் அம்புரோசஸ் உண்டு, மாக்குலாட்டஸ் உண்டு. ஒன்றைத் தீர்க்கும் மருந்து மற்றொன்றை வளர்க்கக்கூடும்.

இனிச் செய்யவேண்டுவது

‘ஆராய்ச்சி செய்துகொண்டேயிருந்தால் காரியம் எப்போது நடப்பது?’ என்று சிலர் வினவுவர். வாட்சன் கிள்ளானுக்கு வந்த ஆண்டிலேயே வேலையைத் தொடக்கினார். கொசுவின் இனங்களெல்லாம் அவருக்கு அன்று தெரியா. தெரிந்த அளவில் சங்கிலியைத் தாளில் எழுதினார். அது பொய்த்த இடத்தில் திருத்திக்கொண்டார். எழுதாதவன் எங்கே தவறினான் என்பதை அறியவும் மாட்டான்.

ஆகவே, நமது சங்கங்கள் எத்திட்டத்தைத் தொடங்கினும் முதலில் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதட்டும். குறை யாருக்கு, எங்கே, எவ்வளவு? அதனைப் பிறப்பிக்கும் காரணத்தொடர் யாது? அத்தொடரில் நம் கைக்கு எட்டும் கண்ணி எது? அதை வெட்டினால் அடுத்தது நிகழுமென்று எதை நம்பிச் சொல்கிறோம்? நிகழ்ந்ததா என்பதை எவ்வடையாளத்தால், எவ்விடத்தோடு ஒப்பிட்டு அறிவோம்? ரப்பரை அழித்துச் செம்பனை நட்டனர். பெஸ்தாரி ஜெயாவாகப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையிலும் பிறவிடத்தும் லயங்களை விட்டுப் பலர் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அங்கே படிப்பை இடையில் விட்ட இளைஞனுக்குத் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலும் ஒருநாள் தன்முனைப்பு முகாமும் மருந்தாகா. தோட்டத்திலிருந்த அதே தமிழனாயினும் நீர் வேறு, கொசு வேறு.

மலேரியாவே இதற்குச் சாட்சி. 2018 முதல் மலேசியாவில் மனித மலேரியா உள்நாட்டிலே தொற்றவில்லை. ஆனால், குரங்கினின்று மனிதருக்குத் தொற்றும் நோலெசி மலேரியா காட்டோரங்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பற்றுகின்றது. வென்றோம் என்று உறங்கினோர்க்குப் புதிய சங்கிலி காத்திருக்கின்றது.

மண்வெட்டியை எடுக்குமுன் நீர் எவ்வழி ஓடுகின்றதென்று நோக்குவோமாக. நம் பாட்டன்மார் உயிரைக் கொடுத்து வாங்கிய பாடம் இது. இதனை வீணாக்கினால், அவர்கள் வெட்டிய கால்வாய்கள் நம்மால் இரண்டாம் முறை தூர்ந்தனவாகும்.