ஊதிய சங்கு

பயன்படாத உபதேசத்தைச் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று சொல்வது நம் வழக்கு. ஆலைகளில் வேலை தொடங்குவதையும் முடிவதையும் அறிவித்த நீராவிக் குழலுக்கும் நாம் சங்கு என்றே பெயர் வைத்தோம். பம்பாயின் மராத்தியர் ‘போங்கா’ என்று அழைத்த அந்தக் குழல், பரேலிலும் லால்பாகிலும் பல தலைமுறைகளுக்குக் கடிகாரமாகவும் பஞ்சாங்கமாகவும் விளங்கியது. அது ஊதிய வீதியில் அடுப்பு எரிந்தது, ஊதாத நாளில் மளிகைக் கடைக்காரன் முகம் மாறியது. ஓர் ஒற்று மிகுந்தால் ‘ஊதிய சங்கு’ என்பது ‘ஊதியச் சங்கு’ ஆகிவிடும் என்ற தமிழின் சிலேடை, அந்த வீதிகளில் பிரத்தியட்ச உண்மையாகவே இருந்தது. ஆனால், அந்த அழைப்புக்குச் செவிசாய்த்து உள்ளே போனவர்களில் பலர், முப்பது வருஷம் கழித்து, போகும்போது இருந்த செவியோடு திரும்பவில்லை என்ற சங்கதி மட்டும், நகரத்தின் சரித்திரத்தில் வெகுகாலம் இடம் பெறாமலே போயிற்று.

இதை எழுதத் தூண்டிய ஊர் பம்பாயின் விக்ரோலி. காட்கோபருக்கும் காஞ்சூர்மார்க்குக்கும் இடையே, கிழக்கே தாணே உப்பங்கழியின் அலையாத்திக் காடுகளை எல்லையாகக் கொண்ட இந்த இடம், 1940களின் முற்பகுதிவரை புல்லும் சதுப்புமாகவே கிடந்தது. 1897இல் லால்பாகில் பூட்டுச் செய்யத் தொடங்கிய அர்தேஷிர் கோத்ரெஜின் தம்பி பிரோஜ்ஷா, இங்கே பெருநிலத்தை வாங்கித் தொழில் நகரம் ஒன்றை எழுப்ப முற்பட்ட பிறகு, கொக்குகளின் குரல் கேட்ட கரையில் எஃகின் ஓசை எழுந்தது. தமிழகத்தில் எந்த எஃகு அலமாரியையும் ‘கோத்ரெஜ் பீரோ’ என்று அழைத்து, பெண்ணின் சீர்வரிசையில் அதை முதலில் வைத்த நம் குடும்பங்களுக்கு விக்ரோலி என்ற பெயர் தெரிந்திராவிட்டாலும், விக்ரோலியின் வேலைப்பாடு தெரியும்.

சுதந்திர பாரதத்தின் முதற் பொதுத் தேர்தல் 1951ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியபோது, ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கவேண்டிய முறை இருந்தமையால், லட்சக்கணக்கான எஃகு வாக்குப்பெட்டிகள் தேவைப்பட்டன. அவற்றில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவை இந்த விக்ரோலியில்தான் உருவாயின. நாளொன்றுக்கு 15,000 பெட்டிகள் வெளிவந்ததாக அக்காலத்துப் பம்பாய்ப் பத்திரிகை ஒன்று எழுதியது. தகட்டை வெட்டவேண்டும், மடிக்கவேண்டும், துளைக்கவேண்டும், இணைக்கவேண்டும். இவற்றுள் எதுவும் மௌனமாக நிகழ்வதில்லை. கோடிக்கணக்கான மக்களின் அபிப்பிராயத்தைச் சந்தடியின்றி வாங்கிக்கொண்ட அந்தப் பெட்டி எத்தனை சந்தடியில் பிறந்திருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. இது ஒரு ஸ்தாபனத்தைக் குறித்த குறையன்று. குர்லா தொடங்கிப் பாண்டுப், முலுந்து வரை ஆக்ரா சாலையின் இருபுறமும் எழுந்த யந்திரசாலைகளுக்கெல்லாம் அதுவே பாஷை. இரும்பின் சுபாவம் அது.

அந்தச் சுபாவத்தை மருத்துவர்கள் அறிந்து வெகுகாலம் ஆயிற்று. தொழில் நோய்களைப் பற்றி முதன்முதலாக விரிவான நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் ரமஸ்ஸீனி, 1713இல் வெளியான அதன் விரிவுற்ற பதிப்பில், வெனிஸ் நகரத்துக் கன்னார் நாள் முழுவதும் தரையில் குனிந்து அமர்ந்து செம்பைத் தட்டித் தட்டி, முதலில் காது மந்தமாகி, முதுமையில் முழுச் செவிடராகிறார்கள் என்று குறித்து வைத்தார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், 1886இல், தாமஸ் பார் என்ற செவி மருத்துவர் கொதிகலம் செய்வோர் நூறு பேரையும், இரும்பு வார்ப்போர் நூறு பேரையும், தபால்காரர் நூறு பேரையும் தேர்ந்து, பைக் கடிகாரம் ஒன்றின் டிக் டிக் ஒலி எத்தனை தூரம்வரை அவரவர் காதுக்கு எட்டுகிறது என்று அளந்து பார்த்தார். கொதிகலத் தொழிலாளர் நூறு பேரில் ஒருவருக்குக்கூடச் செவி பழுதற்றிருக்கவில்லை.

காரணத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. வெளியே ஒருவன் பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டைச் சம்மட்டியால் அடிக்க, உள்ளே, ஆள் நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லாத இரும்பு உருளைக்குள், மற்றொருவன் அதன் தலைக்கு முட்டுக் கொடுத்துப் பிடித்திருப்பான். கோயில் மணியின் வயிற்றுக்குள் ஓர் ஆளை உட்கார வைத்து வெளியிலிருந்து விடாமல் அடிப்பதற்கு ஒப்பான காரியம் அது. 1879இல் பரேலில் எழுந்த ரயில் எஞ்சின் பணிமனையும், 1915இல் மாதுங்காவில் எழுந்த வண்டிப் பணிமனையும் இத்தகைய தொழில்களையே பம்பாய்க்குக் கொண்டுவந்தன. துணி ஆலைகளின் தறிக்கூடத்திலோ, நாடா நிமிஷத்துக்கு இருநூறு தடவையை ஒட்டி இப்புறமும் அப்புறமும் மோத, நூற்றுக்கணக்கான தறிகள் ஒருங்கே இரைய, மனிதர்கள் வாய்ப்பேச்சை விட்டுக் கைச்சாடையாலும் உதட்டசைவாலும் உரையாடக் கற்றார்கள். அதை ஒரு சாமர்த்தியமாகவே எல்லோரும் மெச்சினர்.

விக்ரோலி கிழக்கில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினெட்டு வயதில் ரயிலேறி வந்து, பெயர் சொல்ல அவசியமில்லாத ஒரு பட்டறையில் பவர் பிரெஸ் ஓட்டி, அந்த வருமானத்தில் மூன்று பெண்களைக் கரையேற்றியவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், சில்வண்டு புகுந்ததுபோல் காதில் ஓர் இரைச்சல் நிற்குமாம்; விடிந்தால் போய்விடுமாம். ஆறு மாதத்தில் அந்த இரைச்சலும் தெரியாமல் போயிற்று. ‘காது பழகிடிச்சு’ என்று மூத்தவர்கள் தேற்றினார்களாம். இந்தச் சொல்தான் பட்டறைகளின் மகாமந்திரம். கைக்கு உலக்கை பழகும், காலுக்கு முள் பழகும். செவிக்குச் சப்தம் பழகுவதில்லை. உட்செவியின் நத்தைக்கூட்டில் ஏறக்குறைய பதினாறாயிரம் நுண்மயிர் அணுக்கள் ஒலியை வாங்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. ஓயாத பேரொலியில் முதலில் அவை சோர்கின்றன, பிறகு மடிகின்றன. மனிதச் செவியில் மடிந்தது மறுபடி முளைப்பதில்லை. அந்த மூத்தவர்கள் பழக்கம் என்றது பாதி மரணத்தை.

மடிவதிலும் ஒரு கிரமம் உண்டு. விநாடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய உயர்ந்த ஒலிகளுக்குரிய இடமே முதலில் பழுதாகிறது. கனத்த ஒலிகள் கடைசிவரை கேட்கின்றன. ஆகவே, பெரியவருக்கு லோக்கல் ரயில் வருவது கேட்கும், குழந்தை அழுவது கேட்கும், உயிரெழுத்துக்களெல்லாம் கேட்கும், மெய்யெழுத்துத்தான் உதிர்ந்துவிடும். கடை, சடை, தடை, படை ஆகிய நான்கும் அவருக்கு ஒரே சொல். “சத்தம்லாம் கேக்கத்தான் செய்யி தம்பி, பேச்சுதான் வெளங்க மாட்டேங்கு” என்று அவர் சொல்வதைவிட நுட்பமான நோய்க்குறிப்பை வைத்திய நூல்களிலும் காண்பது அரிது. முழுச் செவிடனுக்கு உலகம் இரங்கும். பாதி கேட்பவனையோ, ‘வேண்டியது மட்டும் இவருக்குக் கேட்கும்’ என்று வீட்டாரே பரிகாசம் செய்வார்கள்.

சட்டம் இந்தச் செவியின்பக்கம் திரும்ப ஏன் இத்தனை தாமதம் ஆயிற்று? 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி விக்டோரியா துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிக்கீன்’ என்ற வெடிமருந்துக் கப்பல் வெடித்துச் சிதறியபோது, அதன் அதிர்ச்சி தொலைதூரத்துச் சிம்லாவின் நிலநடுக்கமானியிலும் பதிவாயிற்று. உயிர்ச் சேதத்துக்கும் பொருட் சேதத்துக்கும் விசாரணையும் நஷ்டஈடும் உடனே பிறந்தன. ஒரே வெடியில் கிழிந்த செவிப்பறைகூடப் பல சமயம் தானே ஆறிவிடும். முப்பது வருஷம் சிறுகச் சிறுக வெடித்துக்கொண்டிருக்கும் பட்டறைக்கு மட்டும் தேதி கிடையாது. விரல் துண்டானால் ரத்தம் வரும். ரத்தம் வந்தால் ரிஜிஸ்தரில் ஏறும். ரிஜிஸ்தரில் ஏறினால் அதிகாரி வருவார். செவி போனால் ஒரு துளியும் சிந்துவதில்லை.

1881ஆம் வருஷத்து முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தையும் யந்திரங்களுக்கு வேலியிடுவதையும் பற்றிப் பேசியது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் வருஷத்துச் சட்டம் எவ்வளவோ விரிந்தது. அதன் 35ஆம் பிரிவு, பொறியும் துகளும் பறக்கும் இடங்களில் கண்ணுக்குக் காவல் வேண்டும் என்று தனியாகவே விதித்தது. கண்ணுக்கு அமைந்ததுபோல் செவிக்கு ஒரு தனிப்பிரிவு அமையவில்லை. கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்றே ஓர் அதிகாரத்தை வள்ளுவர் வகுத்த நாட்டில், இந்த விடுபாடு விசித்திரமானதே. ஆபத்தான தொழில்களைப் பற்றிய 87ஆம் பிரிவின்கீழ் வகுக்கப்பட்ட மாதிரி விதிகளிலும், அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களின் அட்டவணையிலும் இரைச்சலால் விளையும் செவிக்கேடு பின்னரே இடம் பெற்றது.

அந்த விதிகளின் கணக்கு தெளிவானது. 90 டெசிபல் ஒலியில் ஒருவன் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். 95 ஆனால் நாலு மணி, 100 ஆனால் இரண்டே மணி. 115க்கு மேற்பட்ட இடையறாத ஒலியில் இருக்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த 14 நாட்களுக்குள் செவியைச் சோதிக்கவேண்டும், பிறகு ஆண்டுதோறும் ஒருமுறை சோதிக்கவேண்டும். குடியிருப்புகளில் பகலில் 55 டெசிபலுக்கு மேல் ஒலி எழும்பலாகாது என்று 2000ஆம் ஆண்டின் விதிகள் கூறுவதையும், கணபதி உற்சவத்து ஒலிபெருக்கியைக் குறித்து ஆண்டுதோறும் இந்நகரில் எழும் வாதப் பிரதிவாதங்களையும் நினைத்துப் பார்த்தால், வீதிக்கு நாம் விதித்த அளவினும் மிகுந்ததைப் பட்டறைக்குள் நித்திய நியமமாக ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பது விளங்கும். தொழில் காரணமாகச் செவி இழந்தவர் ஈட்டுறுதி வழியாக நஷ்டஈடு கோரச் சட்டத்தில் இடமிருந்தும், இந்தியாவில் முதல் தொழிலாளி அதைப் பெற்றது 1996இல்தான் என்று தொழில்நோய் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும், இதற்கான வித்தை பக்கத்திலேயே இருந்தது. தாராவிக்கும் விக்ரோலிக்கும் இடையே, சயானில், மத்திய தொழிலாளர் நிறுவனம் 1966ஆம் ஆண்டு பிப்ரவரியில் தன் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது; அடுத்த மாதமே தேசியப் பாதுகாப்புக் குழுவும் பிறந்தது. அங்கே கற்பிக்கப்படும் முதற்பாடம், காதை அடைப்பதற்கு முன் யந்திரத்தை அடக்கு என்பதே. பிரெஸ்ஸின் அடியில் அதிர்வைத் தாங்கும் விரிப்பு, துண்டுகள் விழும் தகரச் சரிவில் ஒட்டிய ரப்பர், இரையும் பாகத்தைச் சுற்றி ஓர் உறை, காலத்தில் இட்ட எண்ணெய் ஆகிய சில்லறைக் காரியங்களே பெரும் பயன் தரும். சரித்திரத்தில் கொதிகலத் தொழிலாளரின் செவியை மிகுதியும் காத்தது எந்தச் சட்டமும் அன்று. ரிவெட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்ட வெல்டிங். அதுவும் செவிக்கு இரங்கி வந்ததன்று, செலவு குறையுமென்று வந்தது.

காதடைப்பான் கடைசிக் காவல். ஆயினும் நம் பட்டறைகளில் அதுவே முதலும் முடிவுமாயிற்று. அதற்கு முன்னோடி பஞ்சு. மராத்தியில் ‘கானாத் காபூஸ்’ என்று கேலியாகச் சொல்லப்பட்ட அந்த வெறும் பஞ்சு, ஒலியைத் தடுப்பதைவிட மனசாட்சியைச் சமாதானம் செய்யவே உதவியது. பிறகு ரப்பர் அடைப்பானும் நுரை அடைப்பானும் வந்தன. வியர்வையில் அவை ஊறி அரித்தன. மேஸ்திரி கூப்பிட்டால் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, டை மழுங்கியதையும் பஞ்ச் விலகியதையும் ஓசையாலேயே கண்டறியும் கைதேர்ந்த தொழிலாளிக்கு, காதை அடைப்பது வித்தையை அடைப்பதாகத் தோன்றியது. ஷிஃப்டில் அரைமணி நேரம் கழற்றி வைத்தாலும் காவலின் பெரும்பகுதி வீணாகிவிடும் என்று அவனுக்கு யாரும் விளக்கவில்லை. சட்டைப் பையிலேயே அடைப்பான் பத்திரமாக இருந்தது.

கடைசியில் பம்பாயின் செவிக்கு மௌனம் வந்தது. வந்த வழிதான் வேறு. 1982ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வெளியே வந்தனர்; அவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பிப் போகத் தறி இருக்கவில்லை. போங்காக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. விக்ரோலியிலும் பட்டறைகளை அடுத்துக் கணினி வேலைக்கான கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. சப்தம் அழிந்துவிடவில்லை; பிவண்டியின் விசைத்தறிக்கும், சாகிநாகாவின் சந்துப் பட்டறைக்கும், தாராவியின் மாடியறைக்கும் குடிபெயர்ந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் செவிக்கேட்டை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால், பத்துப் பேர்கூட வேலை செய்யாத மாடியறைப் பட்டறைக்குச் செவியைச் சோதிக்கும் கருவியோடு ஏறிவர எந்த மருத்துவருக்கும் ஏணி போடப்படவில்லை.

சென்ற முறை பெரியவரைக் கண்டபோது, இந்தக் கட்டுரைக்காகவே, அவர் வேலை செய்த காலத்து ஆலைச் சங்கைப் பற்றிக் கேட்க விரும்பினேன். அவர் முகத்துக்கு நேரே அமர்ந்து, “அண்ணாச்சி, அந்தக் காலத்துச் சங்கு ஞாபகம் இருக்கா?” என்றேன்.

சற்று நேரம் என் உதட்டையே பார்த்திருந்துவிட்டுச் சிரித்தார். “பங்கா தம்பி? அதெல்லாம் அப்பமே பிரிச்சுக் குடுத்தாச்சுல்லா.”