லயமும் பங்களாவும்: கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் வீடு கட்டிய வரலாறு

மலாயாத் தோட்டத் தமிழர் நாவில் வழங்கும் சொற்களுள் ‘லயம்’ என்பது ஆராயத்தக்க ஒன்று. இசை நூலோர் கூறும் லயம் வேறு, இது வேறு. வரிசையைக் குறிக்கும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழர் வாயில் லயம் ஆயிற்று. ஆங்கிலேயர் இந்தியாவில் தம் பட்டாளத்தாருக்கு வரிசை வரிசையாகக் கட்டிய குடியிருப்புக்கு வழங்கிய பெயர் அது. தமிழ்நாட்டு நகரங்களில் காவலர் குடியிருப்பைப் ‘போலீஸ் லைன்’ என்று சொல்லும் வழக்கும் அதன் எச்சமே. குதிரை கட்டும் இடத்திற்குத் தமிழில் ‘லாயம்’ என்று பெயர் இருப்பதால், இரண்டும் ஒன்றே என்று கசப்போடு சொல்வாரும் உண்டு. சொல்லாராய்ச்சி இதனை ஒப்பாது. ஆயினும், அப்படிச் சொல்லத் தோன்றியது ஏன் என்பதைத் தோட்டங்களில் வீடு கட்டப்பட்ட வரலாறு காட்டிவிடும்.

உலுசிலாங்கூர் மலைகளில் பிறந்து வரும் சிலாங்கூர் ஆறு, கடலோடு கலக்கும் இடமே கோலசிலாங்கூர். ‘கோல’ என்பது மலாய் மொழியில் ஆற்றின் கழிமுகம். கழிமுகத்தில் சேறும் அலையாத்தியும் நீப்பாப் பனையும். அதற்குப் பின்னால் களிமண் தரை. இன்னும் உள்ளே செல்லச் செல்லச் சதுப்புக் காடு. பிறகு சிறு குன்றுகள். இந்நிலத்தில் காப்பி பயிரிட்டுக் கண்ட பலன் நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. ரப்பரோடு தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காட்டுச் சீமைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வந்து இறங்கும் முன்னரே அவர்களுக்கு ஒரு கூரை வேண்டும். அவசரத்தில் எழுந்த கூரை அது.

அதே ஆற்றங்கரையில், அதே ஆண்டுகளில், வேறொரு வீடும் எழுந்தது. ஆன்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்தார். தோட்டத் தொழிலோடு தமிழும் மலாயும் பயின்றார். கோலசிலாங்கூர்ப் பகுதியில், ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் பெற்று, குன்றின்மேல் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டார். ‘பனைகளின் வீடு’ என்று அதற்குப் பெயர். செம்பனையை அழகுக்காக நடும் மரமாகவே பிறர் கண்ட நாளில் அதை வாணிகப் பயிராக்கியவரும் இவரே. 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே அவர் தொடங்கிய தென்னமரம் தோட்டமே மலேசியாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம். செம்பனைத் தொழிலின் தொட்டில் ‘தென்னமரம்’ என்னும் தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்பது தமிழாசிரியர் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி. போக்கோனியே பின்னாளில் எழுதிய ‘மலேசி’ என்னும் புதினம் 1930-இல் பிரான்சின் கொங்கூர் பரிசைப் பெற்றது. அக்கதையிலும் பனைகளின் வீடு வருகிறது. தம் மனத்திற்கேற்ற இடத்தில், தம் மனத்திற்கேற்ற வடிவில் வீடு கட்டிக்கொண்ட ஒருவர், அவ்வீட்டை உலக இலக்கியத்திலும் நிறுத்திவிட்டார். குன்றின் அடியில் இருந்த லயத்தைக் கட்டியவர் யார், அதில் வாழ்ந்தவர் அதனை எப்படி நினைத்தார் என்பதை எழுதிவைக்க அவர்களுள் ஒருவருக்கும் நேரம் இருந்ததில்லை.

தொடக்க கால லயம் எளிய பொருள்களால் ஆனது. காட்டுக் கம்பும், கரையோரங்களில் நிபோங் மரமும் தூண்களாயின. கூரை அத்தாப்பு. கோலசிலாங்கூரில் அத்தாப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆற்றின் இரு கரையிலும் நீப்பாப் பனை அடர்ந்திருந்தது. நீப்பா ஓலையின் இதழ்களை ஒரு குச்சியின்மேல் மடித்து, பிரம்பு நாரால் தைத்து, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமாக அடுக்கிக் கட்டுவது அதன் முறை. இக்கலை மலாய் மக்களுக்குரியது. பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்து பழகிய தமிழனுக்கு இது புரியாத வேலையன்று.

லயத்தின் வடிவம்தான் புரியாதது. ஊரில் அவன் குடிசை சிறியதே; ஆனால் தனித்து நின்றது. சுற்றி நடக்கலாம், பின்புறம் ஒரு முருங்கையோ வாழையோ வைக்கலாம். இங்கோ நீண்ட ஒரே கொட்டகை. குறுக்கே தடுத்த அறைகள். ஓர் அறை ஏறத்தாழ 10 அடிக்கு 10 அடி, அல்லது 12 அடி. சில லயங்களில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி இரு வரிசையாக நின்றன. பின்கதவு என்பதற்கே இடமில்லை. காற்றோட்டத்திற்காகத் தடுப்புச் சுவரைக் கூரை வரை எழுப்பாமல் விட்டார்கள். காற்று வந்ததோ இல்லையோ, பக்கத்து அறையின் புகை வந்தது, இருமல் வந்தது, கணவன் மனைவி பேச்சு வந்தது. வீடு என்பது மறைப்புத் தருவது என்றால், இதனை வீடு என்பது அரிது.

தரை ஈரமான இடங்களில் லயத்தை ஆள் உயரத் தூண்கள்மேல் ஏற்றிப் பலகைத் தளம் போட்டார்கள். மலாய்க் கம்பத்து வீட்டைப் பார்த்து மேற்கொண்ட முறை இது. நல்ல முறையே. மேலே படுக்கை, கீழே அடுப்பு, விறகு, ஆடு, மழை நாளில் பிள்ளைகளின் விளையாட்டு. லயத்தின் முன்புறம் ஓடிய ஒடுங்கிய தாழ்வாரத்தை ‘அஞ்சடி’ என்றனர். பட்டணத்துக் கடைவீதியின் ஐந்தடி நடைபாதைப் பெயரே தோட்டத்திற்கும் வந்தது. மாலையில் ஒரு குடும்பத்தின் வாழ்வு பெரும்பாலும் அஞ்சடியில்தான் நடந்தது.

வீடு எப்படிக் கட்டப்பட்டது என்பதைவிட எங்கே கட்டப்பட்டது என்பதே உயிரைத் தீர்மானித்த காலம் ஒன்று உண்டு. 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் இதனை ஆராய்ந்து உலகறியச் சொன்னார். கரையோரச் சமநிலத்தில் மலேரியாவைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. காட்டை வெட்டி, வடிகால் வெட்டி, லயத்தைக் காட்டோரத்திலிருந்து தள்ளிக் கட்டினால் காய்ச்சல் குறைந்தது. கோலசிலாங்கூர்க் கரையோரத் தோட்டங்களுக்கு இது வரமாயிற்று. உள்நாட்டுக் குன்றுத் தோட்டங்களிலோ இதே மருந்து நஞ்சாயிற்று. அங்குள்ள கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. காட்டை வெட்டவே ஓடையில் வெயில் விழுந்தது, காய்ச்சல் பெருகிற்று. குன்றுகளுக்கு நடுவே, ஓடைக்கரையில், தண்ணீர் எடுக்க வசதி என்று லயம் கட்டிய தோட்டங்களில் ஆட்கள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். துரையின் பங்களா மட்டும் பெரும்பாலும் மேட்டில் காற்றோட்டமாக இருந்தது. அது மருத்துவம் அறிந்து செய்ததன்று, காட்சிக்காகச் செய்தது. பயனோ ஒன்றே.

அத்தாப்பின் குறை இரண்டு: சில ஆண்டுகளில் இற்றுப்போகும், தீப்பிடித்தால் ஒரு வரிசையே எரியும். ஆகவே நிருவாகங்கள் தகரத்திற்கு மாறின. வளைவு வளைவாக மடித்த இரும்புத் தகடு 1829-இல் இலண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி பாமர் கண்டது. மடிப்பினால் மெல்லிய தகடும் வலிவு பெறும். அடுக்கிக் கப்பலில் ஏற்றலாம். ஆணியும் சுத்தியலும் போதும், தேர்ந்த கொத்தன் வேண்டா. தொழிற்சாலையில் செய்து கடல் கடந்து கொண்டுவந்து பூட்டும் வீடு என்பது அன்றே தொடங்கிவிட்டது எனலாம். ஆங்கிலேயர் காலடி வைத்த நாடெல்லாம் தகரக் கூரை பரவியது இதனால்தான்.

ஆனால் ஓலைக்குள் காற்று உறங்குகிறது. தகரத்தில் அது இல்லை. அத்தாப்பின் மடிப்புகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. உச்சி வெயிலிலும் அறை தாங்கத்தக்கதாக இருக்கும். தகரமோ வெயிலை வாங்கிய மாத்திரத்தில் கீழே இறக்கிவிடும். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, பால் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகல் கடந்து திரும்பும் பெண், அடுப்பு மூட்டுவது அந்தத் தகரத்தின் கீழேதான். மழை பெய்தால் பேச்சுக் காதில் விழாது. துரையின் பங்களாவிலும் கூரைக்கு மேலேயே வெயில் விழுந்தது. ஆனால் அங்கே உயர்ந்த கூரை, நடுவே பலகை உட்கூரை, நாற்புறமும் அகன்ற தாழ்வாரம். உட்கூரை என்னும் ஒரு பலகை அடுக்குத்தான் இரு வீட்டுக்கும் உள்ள வேறுபாடு என்று சொன்னாலும் மிகையாகாது. பிற்காலத்தில் வந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடு சூட்டைச் சிறிது குறைத்தது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பது பின்னரே விளங்கிற்று.

ஓலை செய்த வேலையைத் தொழிற்சாலைச் சுவரைக்கொண்டு செய்விக்க மேலைநாட்டார் முயன்ற கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அமெரிக்காவில் மாடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வுக்கூடம் 1935-இல், மெல்லிய பலகைகளைச் சட்டத்தோடு ஒட்டி அப்பலகையே பாரம் தாங்கும்படி ஒரு வீடு கட்டிப் பார்த்தது. பிராங்க் லாயிட் ரைட் என்னும் கட்டடக் கலைஞர் நடுத்தர மக்களுக்கான எளிய வீடுகளில் பலகைகளை அடுக்காகச் சேர்த்தே சுவராக்கினார். அவரிடம் பயின்ற ஆல்டன் டௌ 1952-இல் இரு தகடுகளுக்கிடையே இறுகிய நுரையை வைத்த பலகையால் வீடு கட்டினார். பாரமும் தாங்கும், வெப்பமும் தடுக்கும், ஒரே பலகை. அந்நுரையின் திறம் யாதெனில், அதன் கண்ணறைகளில் சிறைப்பட்ட காற்றுத்தான்! நீப்பா ஓலையைத் தைத்த மலாய்ப் பெண்ணின் கைக்குத் தெரிந்ததும் அதுவே. ஆயினும் குளிர்நாட்டுப் பலகையை அப்படியே இங்குக் கொணர இயலாது. ஈரம் உள்ளே புகுந்தால் பலகை உளுக்கும். கறையான் நுரைக்குள்ளும் வழி குடையும். மலேசியத் தலைநகரிலும் 1960-களில் வார்த்த கான்கிரீட் சுவர்களைப் பூட்டும் டென்மார்க்கு முறையில் பெக்கெலிலிங் அடுக்குமாடிகள் எழுந்தன. 17 மாடி, 7 கட்டடங்கள். தோட்டத்தை இந்த வேகம் எட்டிப் பார்க்கவில்லை.

தோட்டத்து வீட்டின் பெருங்குறை சுவரிலோ கூரையிலோ இல்லை என்பதை 1941-ஆம் ஆண்டு காட்டிற்று. கிள்ளானில் ஆர். எச். நாதன் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தம் கோலசிலாங்கூர்த் தோட்டங்களையும் தொட்டது. கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், நல்ல பள்ளி, துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் இழிவுக்கு முடிவு ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். மாமன் மச்சான் வீட்டு வாசலுக்கு வர ஒருவன் நிருவாகத்தின் இசைவை நாட வேண்டியிருந்தது! விருந்தோம்பலை இல்வாழ்க்கையின் அறமாக வைத்த இனத்தார்க்கு இது எத்தகைய சிறுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. போருக்குப் பின் 1948-இல் தொடங்கிய அவசர காலத்தில், சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி இட்டார்கள். விருந்தினருக்கு மட்டுமன்றி வீட்டுக்காரருக்கும் வாயிலில் சோதனை வந்தது.

இத்தனைக்கும் நடுவே, கட்டிக்கொடுத்த கூட்டைத் தம் வீடாக்கிக்கொள்ளும் முயற்சியைத் தோட்டத்து மக்கள் விடவேயில்லை. பின்புறம் பழைய தகரமும் பலகையும் சேர்த்து ஒரு சமையற்கட்டு நீட்டினார்கள். அஞ்சடியைச் சாணமிட்டு மெழுகிக் கோலம் போட்டார்கள். வெண்டையும் பயிற்றங்காயும் முருங்கையும் வைத்தார்கள். லயத்துக் கோடியில் முனியாண்டிக்கோ மாரியம்மனுக்கோ ஒரு கொட்டகை எழுந்தது. நிருவாகத்தின் வரைபடத்தில் இல்லாத இந்தச் சேர்ப்புகளே, உண்மையில், அவரவர் விருப்பப்படி அமைந்த வீட்டுப் பகுதிகள்.

சட்டம் மெல்ல வந்தது. தொழிலாளர் வீட்டுவசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1966-இல் பிறந்தது. 1990-இல் புதுச் சட்டமாயிற்று. நீண்ட லயம் போய்த் தனி வீடுகளும் இரட்டை வீடுகளும் வந்தன. குழாய் நீரும் மின்சாரமும் வந்தன. ஆயினும் எந்தத் தரமும் ஒன்றை மாற்றவில்லை: வேலை உள்ளவரைதான் வீடு. ஓய்வு பெற்ற நாளில் முப்பது, நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டின் சாவியைத் திருப்பித் தரவேண்டும். தமிழில் ‘வீடு’ என்னும் சொல் ‘விடு’ என்பதன் அடியாகப் பிறந்தது என்பர். தோட்டத்தில் அது வேறு பொருளில் உண்மையாயிற்று.

தோட்டங்கள் நகரங்களாக விற்கப்பட்டபோது இக்குறை வெடித்தது. பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலும் அதனை அடுத்தும் உள்ள மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். கூட்டம், மனு, மறியல், மீண்டும் மனு. இளையவராய்க் கேட்கத் தொடங்கியவர் முதியவராயினர்; சிலர் காத்திருந்தே கண் மூடினர். 2023-இல் 245 குடும்பங்களுக்குச் சுங்கை திங்கியில் வீடு கட்டும் பணி தொடங்கப்பட்டது. நிறுவனத்தின் நிலமும் மத்திய, மாநில அரசுகளின் பணமும் சேர்ந்த திட்டம் அது.

வடசிலாங்கூர்த் தோட்டங்களின் பழைய குடியிருப்புகள் சிலவற்றில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியிருக்கின்றனர். பிற தொழில்களின் பணியாளர் விடுதிகளையும் உள்ளடக்குமாறு திருத்தப்பட்ட தங்குமிடச் சட்டம் 2020 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. தகரத் தோலும் நுரை நெஞ்சும் கொண்ட பலகை அறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசை வரிசையாக, அயல்நாட்டுத் தொழிலாளர் தங்க அடுக்கப்படுவதை நாட்டின் கட்டுமான இடங்களில் காணலாம். தொழிலாளர் அவற்றை ‘கேபின்’ என்கின்றனர்.