முகத்துவாரத்தைத் தேடிய குழாய்

1998ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு நாளேட்டின் ஆசிரியபீடத்தில் இளம் நிருபராக இருந்தேன். ஒரு நாட்காலை மாமா என் அறை வாசலில் வந்து நின்றார். படுவான்கரையிலிருந்து மண்முனைத்துறையில் பாதையேறி வாவியைக் கடந்து, வழிநெடுகச் சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறி வந்திருந்தார். கண்கள் இரண்டும் மஞ்சள். ஊரில் செங்கண்மாரி என்று கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது நோய் வேறாக இருந்தது. பித்தநாளத்தில் கல்.

"கத்தி வைக்கத் தேவையில்லை, வாய்வழியே குழாய் விட்டு எடுத்துவிடலாம்" என்றார் வைத்தியர். ஈ.ஆர்.சி.பி. என்று அதற்குப் பெயர். உள்ளே கொண்டுபோன ஒரு மணி நேரத்தில் அதே வைத்தியர் வெளியே வந்தார். "இவருக்கு முன்பு வயிற்றில் ஒப்பரேஷன் நடந்திருக்கிறது. என்ன செய்தார்கள்? பாதி இரைப்பையை எடுத்தார்களா, குடலை இணைத்து மட்டும் விட்டார்களா? துண்டு ஏதும் உண்டா?"

துண்டு இல்லை. 1974இல் குடற்புண்ணுக்காக நடந்த சத்திரசிகிச்சை அது. அந்தத் தாள் 1990இல் வீட்டோடு எரிந்துபோனது. மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம், "வயித்தில தைச்சாங்க மருமகன், அதுக்குப் பிறகு நோ இல்ல" என்பது மட்டுந்தான்.

அன்று அந்த வைத்தியர் எதற்காகத் திகைத்தார் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கியது. எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. ஈரலிலிருந்து வரும் பித்தநீர் முன்சிறுகுடலில் கலக்கும் சிறு வாயிலை, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தொண்டை, இரைப்பை, முன்சிறுகுடல் என்று நேர்வழியில் போனால் அங்கே சேரலாம். ஆனால் முன்னொரு சத்திரசிகிச்சை நிபுணர் அந்த வழியை அடைத்து வேறு வழி வெட்டியிருந்தால்? இரைப்பையின் அடியில் இப்போது இரண்டு வாசல்கள். ஒன்று கீழ்நோக்கிப் பெருங்குடல் வரை போய்விடும். மற்றதில் எதிர்த்திசையில் ஏறினால்தான் முகத்துவாரம் வரும். அதையும் தலைகீழாகத்தான் காண முடியும். வழமையாக மேல்நோக்கி வெட்டி வாயிலை அகலமாக்குபவர் இங்கே கீழ்நோக்கி வெட்ட வேண்டும். கை பழகிய திசைகள் எல்லாம் மாறிவிடும். குடல் துளைபட்டுவிடும் அபாயமும் கூடும்.

இந்த மாற்றுவழிகளின் வரலாறு வியன்னாவில் தொடங்குகிறது. 1881 ஜனவரி 29இல் தியோடோர் பில்றோத் என்ற நிபுணர், புற்றுநோய் கண்ட இரைப்பைப் பகுதியை அகற்றி, எஞ்சியதை முன்சிறுகுடலோடு தைத்தார். நோயாளி தெரேசா ஹெல்லர் சில மாதங்களே வாழ்ந்தார். எனினும் சத்திரசிகிச்சை வெற்றி. அதே ஆண்டில் அவருடைய உதவியாளர் வூல்ஃப்லர் இரைப்பையையும் சிறுகுடலையும் நேரே இணைத்தார். 1885இல் பில்றோத்தின் இரண்டாம் முறை வந்தது. 1890களில் சுவிட்சர்லாந்தின் சேஸர் ரூ, ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் குடலை இணைத்தார். இந்த முறையில் முகத்துவாரம் இன்னும் தொலைவுக்குப் போய்விடுகிறது.

தமிழ் மண்ணிலும் இதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1922 எவரெஸ்ட் பயணத்தில் பங்குகொண்ட தியோடோர் ஹோவார்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேயர், திரும்பும் வழியில் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூர் மிஷன் வைத்தியசாலையைக் கண்டார். நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்தவர் அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். 1924இல் மீண்டும் சென்று, செயற்கை ஒட்சிசன் இன்றி ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறியவர் அவர். ஆனால் நெய்யூர் மக்கள் அவரை நினைவிற்கொண்டது குடற்புண்ணுக்காக. தென்னிந்தியாவில் அந்நோய் மிகுந்திருந்தது. 1948இல் இரைப்பைச் சத்திரசிகிச்சை பற்றி நூலொன்றும் எழுதினார். பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார்.

அந்தக் காலத்தில் குடற்புண் முற்றினால் கத்திதான் கதி. 1976இல் சிமெற்றிடின் மாத்திரை பிரித்தானியாவில் வந்தது. 1980களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் வாறனும் மார்ஷலும் பெரும்பாலான புண்களுக்கு ஒரு பற்றீரியாவே காரணம் என்று காட்டினர். மார்ஷல் அதைத் தாமே குடித்துப் பரிசோதித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இரண்டு வார மாத்திரையில் தீரக்கூடிய நோய்க்காக ஒரு தலைமுறையின் வயிறு மாற்றித் தைக்கப்பட்டிருந்தது. அந்த நிபுணர்களைக் குறை கூற இடமில்லை. தாம் அறிந்ததைக் கொண்டு உயிர்களைக் காத்தார்கள்.

மறுபுறம் குழாயின் கதை. 1968இல் அமெரிக்காவில் மக்கூன் குழுவினர் முதன்முதலாக அந்த முகத்துவாரத்தினுள் நுழைந்தனர். 1974இல் ஜேர்மனியில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானில் கவாயும் வாயிலை வெட்டிக் கல்லெடுக்க வழிகண்டனர். மாற்றித் தைத்த வயிறுகளுக்கோ சாதாரணக் குழாயின் நீளம் பல வேளைகளில் போதவில்லை. 2001இல் ஜப்பானின் யமமோட்டோ இரட்டைப் பலூன் குழாயை அறிமுகப்படுத்தினார். பலூன்களை ஊதியும் தளர்த்தியும், சட்டைக் கையைச் சுருக்குவதுபோலக் குடலைச் சுருக்கி முன்னேறும் கருவி அது. இன்று தோல்வழியே ஈரலுக்குள் ஊசி செலுத்தியும், உள்ளிருந்தே ஒலியலைக் கருவியின் துணையோடு துளையிட்டும் பித்தநீருக்கு வழி செய்கிறார்கள். உடற்பருமனைக் குறைக்க இரைப்பையை மாற்றித் தைத்துக்கொள்வோர் இன்று உலகெங்கும் பெருகியிருப்பதால், இந்தக் கலைக்குத் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

மாமாவுக்கு இவையொன்றும் கிடைக்கவில்லை. இருமுறை முயன்று முடியாமல், கடைசியில் வயிற்றைத் திறந்தே கல்லை எடுத்தார்கள். ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார். அதன்பின் ஏழு ஆண்டுகள் வயல் பார்த்தார். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டபோது அவர் இல்லை.

வாவியைக் கடப்பவனுக்கு எது துறை, எது சதுப்பு என்று சொல்ல ஓர் ஓடக்காரன் வேண்டும். வயிற்றுக்குள் போகும் வைத்தியருக்கு அந்த ஓடக்காரன், பழைய சத்திரசிகிச்சையைப் பற்றிய ஒரு தாள். போரும், 1978 சூறாவளியும், 2004 சுனாமியும் எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளோடு அத்தாள்களையும் கொண்டுபோயின. எஞ்சியிருப்போரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு முதியவரின் வயிற்றில் பழைய தழும்பு இருந்தால், அது எந்த ஆண்டு, எந்த வைத்தியசாலை, எதற்காக என்று இன்றே கேட்டுக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள். நாங்கள் மாமாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை.