அடுக்கில் இருந்தும் அகப்படாத நூல்

கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகும் பாதையில் பேராதனை வருகிறது. ஒருபுறம் மகாவலி, மறுபுறம் ஹந்தானை மலை. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கே குடிபெயர்ந்தது. அதன் பெரிய நூலகத்தில் அடுக்குகளுக்கிடையே முதன்முறை நிற்கும் மாணவனுக்கு ஒரே கேள்விதான் எழும்: இத்தனை நூல்களுள் எனக்கு வேண்டியது எங்கே?

இக்கேள்வியைத் தமிழ் நூல்கள் தொடர்பில் எதிர்கொண்ட ஒருவர் கண்டியில் வாழ்ந்தவர் என்பதை நம்மிற் பலர் அறியோம். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோன் மேர்டொக் 1844இல் கண்டி மத்திய பாடசாலைக்குத் தலைமையாசிரியராக வந்தார். பின்னர் சமயப் பணிக்காகச் சென்னையில் தங்கிய அவர், அதுவரை அச்சேறிய தமிழ் நூல்களைப் பொருள்வாரியாக வகுத்து 1865இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். தமது பணிக்காகவே அதைச் செய்தார் எனினும், தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அதைத் தேடிச் செல்கின்றனர்.

1876இல் அமெரிக்கரான மெல்வில் டூயி தசமப் பகுப்பை வெளியிட்டார். அதிலே ஆங்கில இலக்கியத்துக்கு 820, இலத்தீனுக்கு 870, கிரேக்கத்துக்கு 880. உலகின் ஏனைய இலக்கியங்களுட் பெரும்பாலானவை 890க்குள் அடக்கம். நம் தமிழிலக்கியத்தின் எண் 894.811, தமிழ்மொழிக்கோ 494.811. ஆகவே தொல்காப்பியத்தை நாடுபவர் ஓர் அடுக்குக்கும், திருக்குறளை நாடுபவர் வேறோர் அடுக்குக்கும் நடக்கவேண்டும்!

இத்தகைய குறைகளைச் சிந்தித்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பையும் தந்தார். வாசகரின் நேரத்தை வீணாக்காதிருத்தல் அவ்விதிகளுள் ஒன்று.

பேராதனையிலே நூலகராயிருந்த எச். ஏ. ஐ. குணதிலகவும் அவ்வழி நின்றவரே. இலங்கை பற்றிய எழுத்துக்களைத் திரட்டி, 1970 முதல் 1983 வரை ஐந்து தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூற்பட்டியல், ஆய்வாளருக்கு வழிகாட்டி.

இங்கே என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாணவப் பருவத்தில், ஒரு நூலகத்தில், அவசரத்தில் ஒரு நூலைக் கைக்கெட்டிய தட்டிற் செருகிவிட்டு வந்தேன். அதே நூலைத் தேடி என் நண்பர் இரண்டு கிழமை அலைந்தார். அட்டைப் பேழை அது இருப்பதாகச் சொன்னது, தட்டு இல்லையென்றது. கட்டுரையை அந்நூலின்றியே அவர் எழுதிக் கொடுத்தார். குற்றவாளி நான்தான் என்பது பிறகே எனக்கு உறைத்தது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு தீயில் அழிந்த நூல்களுக்காக இன்றும் வருந்துகிறோம். தவறான தட்டில் நிற்கும் நூலுக்காக யாரும் வருந்துவதில்லை; ஆனால் தேடுபவனுக்கு இரண்டும் இழப்பே. இப்போது அட்டைப் பேழையின் இடத்திற் கணினி வந்துவிட்டது. எனினும், கணினி சொல்வது நூல் இருக்கவேண்டிய இடத்தையே, இருக்கும் இடத்தையன்று.

என் மாணவரிடம் நான் வேண்டுவது சிறியதொன்று: எடுத்த நூலை எங்கே வைப்பதென்று ஐயமானால் மேசைமேல் விட்டுவிடுங்கள். அதன் இடம் அறிந்தவர் எடுத்து வைப்பார். அடுத்து வருபவர் கையில் அது கிடைக்கும்.