சீழ்க்கையிலிருந்து சுருதிப்பெட்டி வரை



தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளை நால்வகையாக நம் முன்னோர் வகுத்து வைத்தனர். இந்த நான்கிலும் அடங்காத ஐந்தாம் வகை ஒன்று இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது. தோலையோ நரம்பையோ அதிரச் செய்யாமல், மின்னோட்டத்தின் அசைவையே ஒலியாக்குகின்ற கருவி அது. அறிஞர்களின் ஆய்வுக்கூடத்தில் அது பிறந்திருக்கலாம். ஆனால், அதைப் பெரும்பாலும் வளர்த்தவர்கள் ஓய்வு நேரத்தில் கம்பியும் வால்வும் வைத்துக்கொண்டு வீட்டு மேசையில் வேலை செய்த ஆர்வலர்களே. அந்த வரலாற்றை இன்று நாம் பினாங்கிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

மலாயாவுக்கு வானொலி வந்ததே ஆர்வலர்களின் முயற்சியால்தான். 1921ஆம் ஆண்டில் ஜொகூர் அரசாங்கத்தின் மின் பொறியாளராயிருந்த ஏ.எல். பர்ச் என்பவர் முதல் வானொலிக் கருவியை இந்நாட்டுக்குக் கொண்டு வந்தார். அதன்பின் ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் ஆர்வலர் சங்கங்கள் தோன்றின. பினாங்கில் அமைந்த கம்பியில்லாத் தந்திச் சங்கம், 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இசட்.எச்.ஜே. என்னும் அடையாளக் குறியுடன் தன் சொந்த நிலையத்திலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அந்நிலையத்தில் ஒலித்தது. அரசாங்கம் முழுப் பொறுப்பேற்று வானொலி நடத்தும் காலம் வருமுன்னே, ஆர்வலர் சங்கம் ஒன்று தமிழை வானில் ஏற்றியது என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்க செய்தி அன்றோ?

அக்காலத்து ஆர்வலர்கள் தாமே கட்டிய வானொலிப் பெட்டிகளில் ஒரு குறை இருந்தது. வால்வில் பெருகி வரும் மின்குறியில் ஒரு பங்கை மீண்டும் அதற்குள்ளேயே செலுத்தினால், தொலைதூர நிலையங்களும் கேட்கும். ஆனால், அந்தப் பங்கு சிறிது மிகுந்துவிட்டால் பெட்டி சீழ்க்கை அடிக்கத் தொடங்கும். கையை அருகே கொண்டு போனால் சீழ்க்கையின் சுருதி மாறும். மனித உடலும் மின்னூட்டத்தைத் தாங்கும் தன்மையுடையதாதலால், கை நெருங்கும்போது சுற்றமைப்பின் அலைவு மாறுகிறது. கேட்பவர்களுக்கு இது பெருந்தொல்லை.

இந்தத் தொல்லைக்குள் ஓர் இசைக்கருவி ஒளிந்திருந்தது. ருசிய நாட்டு இயற்பியல் அறிஞர் லியோன் தெரமின், பெட்ரோகிராட் நகரில் வாயுக்களின் தன்மையை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது, கையின் அசைவுக்கேற்பச் சுருதி ஏறி இறங்குவதைக் கவனித்தார். காதுக்கு எட்டாத இரண்டு உயர் அலைவுகளைக் கலந்தால், அவற்றின் வேறுபாடு மட்டும் காதில் விழும். ஒன்று நொடிக்கு 1,70,000 முறையும் மற்றொன்று 1,70,240 முறையும் அலைந்தால், நமக்குக் கேட்பது 240. இந்தத் தத்துவத்தைக் கொண்டு 1920ஆம் ஆண்டில் அவர் அமைத்த கருவி இன்றும் தெரமின் என்றே வழங்குகிறது. வாசிப்பவர் அதைத் தொடுவதே இல்லை. வெறுங்காற்றில் கையை அசைத்தே வாசிப்பார்.

பினாங்கு ஆர்வலர்கள் ஒலிபரப்பைத் தொடங்கிய அதே 1934ஆம் ஆண்டில், நியூயார்க் நகரில் ராபர்ட் மூக் என்பவர் பிறந்தார். சிறுவனாயிருந்தபோது, இதழ்களில் வெளிவந்த வரைபடங்களைப் பார்த்து, தந்தையின் துணையோடு தெரமின் கருவிகளை வீட்டிலேயே செய்தார். பிறகு அவற்றைப் பாகங்களாக விற்கவும் தொடங்கினார். அந்த அனுபவமே 1964ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளரின் துணையோடு சிந்தசைசரை உருவாக்க உதவியது. சிந்தசைசர் என்றால் பல கூறுகளைச் சேர்த்து ஒலியை ஆக்கும் கருவி. அதில் மூன்று உறுப்புகள் தலையாயவை. அலைவி ஒலியைப் பிறப்பிக்கும். வடிகட்டி அதன் நிறத்தை மாற்றும். மூன்றாவது உறுப்பு, ஒலி எவ்வளவு விரைவில் எழுந்து எவ்வளவு மெதுவாக அடங்க வேண்டும் என்பதை வகுக்கும். இவற்றையெல்லாம் மின்னழுத்தத்தைக் கொண்டே ஆளலாம் என்பது மூக் அமைத்த முறை. ஒரு வோல்ட்டு கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும்.

இந்தியாவில் இதன் தடங்களைத் தேடினால் சுவையான செய்திகள் கிடைக்கின்றன. 1954ஆம் ஆண்டு வெளிவந்த ‘நாகின்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் எல்லாரையும் மயக்கிய மகுடி ஓசை, மகுடியிலிருந்து வந்ததன்று. கிளாவியோலின் என்னும் மின்னணுக் கருவியில் கல்யாண்ஜி வாசித்தது அது. 1969ஆம் ஆண்டில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் சிந்தசைசர் ஒன்று வந்து சேர்ந்தது. அமெரிக்க இசையறிஞர் டேவிட் டியூடர் வந்திருந்து ஒலிக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே புதிய ஒலிகளைப் படைத்தனர். சில ஆண்டுகளிலேயே அக்கூடம் ஓய்ந்தது. அவர்கள் பதிவு செய்த நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. பால் பர்காஸ் என்னும் ஆய்வாளர் கண்டெடுத்த பிறகு, 2023ஆம் ஆண்டில்தான் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

இதனோடு இன்னொரு கதையை ஒப்பிட்டுப் பாருங்கள். பெங்களூரில் விமானத் தொழிற்சாலைப் பொறியாளராகப் பணியாற்றிய ஜி. ராஜ் நாராயண் புல்லாங்குழல் வித்துவானும் ஆவார். கச்சேரிக்கும் பயிற்சிக்கும் தம்பூரா இன்றியமையாதது. ஆனால், அது பெரியது, பயணத்தில் உடைவது, வெயிலுக்கும் மழைக்கும் சுருதி கலைவது. அவர் தம் மின்னணுவியல் அறிவை இதில் செலுத்தி, 1979ஆம் ஆண்டில் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். 

இது எளிய வேலையன்று. தம்பூராவின் குதிரைமேல் நரம்புக்கடியில் செருகும் மெல்லிய நூலை ‘ஜீவா’ என்கிறோம். அதனால் நரம்பு குதிரையைத் தொட்டும் தொடாமலும் அதிர்ந்து எண்ணற்ற மேற்சுரங்களை எழுப்புகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1921ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து எழுதினார். அந்த உயிரோசையை மின்சுற்றில் பிடிப்பதுதான் சவாலாயிருந்தது. ராஜ் நாராயணின் கருவியும் அதைப் பின்பற்றி வந்த பிறவும் பரவிய வேகத்தை நாம் அறிவோம். கடல் கடந்து நம் ஊர்த் திருமுறை வகுப்புகளிலும் நாட்டிய வகுப்புகளிலும் சுருதிப்பெட்டி இடம்பிடித்தது. இன்று கைப்பேசியிலேயே தம்பூரா ஒலிக்கிறது.

அகமதாபாத்தின் கருவி விலை உயர்ந்தது, அரியது. கட்டடத்தை விட்டு வெளியே வரவில்லை. பெங்களூரின் கருவி சிறியது. பாடுபவரின் தேவையிலிருந்து பிறந்து, பாடுபவரின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. படைப்பில் முன்னதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. தன் தேவையை அறிந்தவனே கருவியையும் திறந்து பார்க்கத் தெரிந்தவனாயிருந்தால் என்ன விளையும் என்பதே நாம் எண்ண வேண்டியது.

மீண்டும் பினாங்குக்கு வருவோம். 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றியபோது, ஒலிபரப்பு நிலையம் சேதமின்றி அவர்கள் கைக்குப் போயிற்று. அதே நிலையத்திலிருந்து சிங்கப்பூரை ஏளனம் செய்து ஒலிபரப்பினார்கள். அயல்நாட்டு வானொலியைக் கேட்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆர்வலரின் பொழுதுபோக்கு ஒரே இரவில் ஆபத்தான அறிவாக மாறியது.

பின்னர் 1969ஆம் ஆண்டில் பினாங்கு தன் தடையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்து, வேலையின்மையால் வாடியது. முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானது. இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, கிளாரியன் முதலிய நிறுவனங்கள் வந்தன. உருப்பெருக்கியின் கீழே தலைமுடியினும் மெல்லிய பொற்கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்து நின்ற நம் தோட்டத்துப் பெண்களும் அவர்களிடையே இருந்தார்கள்.

அதே 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்னெட்டிக்ஸ் நிறுவனம், ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் வரைந்த 555 என்னும் சிறு சில்லை விற்பனைக்கு விட்டது. எட்டுக் கால்களுடைய இந்தச் சில்லு, உலகெங்கும் ஆர்வலர்களின் முதல் இசைக்கருவியாயிற்று. இரண்டு மின்தடைகள், ஒரு மின்தேக்கி, ஒரு சிறு ஒலிபெருக்கி, 9 வோல்ட்டு மின்கலம் இருந்தால் அது பாடும். 1980ஆம் ஆண்டில் பாரஸ்ட் மிம்ஸ் என்னும் எழுத்தாளர் இத்தகைய இரண்டு அலைவிகளைக் கொண்டு அமைத்த எளிய சிந்தசைசரின் வரைபடத்தை வெளியிட்டார். இன்றும் எத்தனையோ நாடுகளின் மாணவர்கள் அதைச் செய்து பார்க்கிறார்கள்.

இதன் கணக்கு ஆறாம் ஆண்டு மாணவருக்கும் புரியக்கூடியது. மின்தேக்கி 0.1 மைக்ரோபாரட்டு, முதல் மின்தடை 10,000 ஓம் என வைத்துக்கொள்வோம். இரண்டாம் மின்தடை 25,000 ஓம் ஆனால் நொடிக்கு ஏறத்தாழ 240 அலைவுகள் பிறக்கும். அதைச் சட்சமாகக் கொள்வோம். 15,000 ஓம் ஆக்கினால் 360 அலைவுகள், அது பஞ்சமம். 10,000 ஓம் ஆக்கினால் 480. அது மேல் சட்சம். இரண்டுக்கு மூன்று என்பது பஞ்சமம், ஒன்றுக்கு இரண்டு என்பது ஸ்தாயி. தம்பூராவின் நரம்புகள் சொல்லுகிற அதே விகிதத்தைக் கணிதமும் சொல்லுகிறது. எங்கள் தோட்டப் பள்ளியில் நாங்கள் இரண்டாம் மின்தடைக்குப் பதிலாகத் தாளில் பென்சிலால் அழுத்தமாக ஒரு கோடு வரையச் சொல்வோம். கரிக்கோட்டில் மின்சாரம் ஓடும். கம்பியின் முனையைக் கோட்டின்மேல் நகர்த்தினால் சுருதி ஏறும், இறங்கும். பாடப்புத்தகத்தில் மின்தடை என்னும் சொல்லைக் கண்டு விழித்த பிள்ளைகள், அந்தத் தடையைக் காதால் கேட்கிறார்கள். இச்சோதனைகளை மின்கலத்தைக் கொண்டே செய்ய வேண்டும். சுவர் மின்சாரத்தின் அருகே போகவே கூடாது.

நேயர்களே, ஒரு காலத்தில் பிந்தால் தாலி சாலையின் பழம்பொருள் கடைகளில் பழுதுபட்ட வானொலிகள் குவிந்து கிடந்தன. அவற்றைத் திறந்து பழகிய கைகள் பல இருந்தன. இன்று பெட்டி பழுதானால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறோம். உலகுக்கே சில்லு இணைத்துக் கொடுத்த ஊரில், அச்சில்லு என்ன செய்கிறது என்று கேட்கத் தெரியாமல் ஒரு தலைமுறை வளருமானால், அந்த இழப்பை எந்தச் சம்பளத்தாலும் ஈடுகட்ட முடியாது. பாயான் லெப்பாசில் தாய் இணைத்தாள். அவள் பிள்ளை வடிவமைக்க வேண்டாமா? அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பினாங்கில் 1934ஆம் ஆண்டில் தமிழை ஒலிபரப்பிய சங்கத்தாரைப் போல, சனிக்கிழமை மாலையில் ஒரு மேசையைச் சுற்றி நான்கு பேர் கூடினால் போதும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பழைய வானொலிப் பெட்டியைத் திறக்க விரும்பினால், மின்கம்பியைக் கழற்றிவிட்டு, அருகிலிருந்து திறக்க விடுங்கள். அதிலிருந்து முதலில் சீழ்க்கைதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், சுருதி பின்னால் வரும்.