இணையவழிப் பாடங்களின் அணுகல்தன்மை

இணையவழிப் பாடங்களின் அணுகல்தன்மை என்பது, கணினியிலோ கைப்பேசியிலோ தரப்படும் பாடநூல், காணொளி, பயிற்சி, தேர்வு ஆகியவற்றை மாற்றுத்திறனாளி மாணவர்கள் பிறர் துணையின்றிப் பயன்படுத்தத் தக்கவையாக அமைப்பதாகும். இது பார்வையற்றோருக்கான ஏற்பாடு என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. செவித்திறன் குறைந்தோர், கை அசைவு குன்றியோர், படிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா உள்ளோர் ஆகியோரும் இதில் அடங்குவர்.

பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரல்வழிப் படிக்கிறார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவர் ஒருவர் 2006இல் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ இலவசமாகக் கிடைக்கும் திரைவாசிப்பான். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும். எனினும் கோப்பில் பதிந்துள்ள எழுத்துக்குறிகளைத்தான் அதனால் வாசிக்க முடியும். தமிழுக்கே உரிய சிக்கல் இங்குத் தொடங்குகிறது. யூனிகோடு என்னும் பொது எழுத்துக்குறி முறை பரவுவதற்கு முன் வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டச்சிட்டால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பார்ப்பவருக்குப் பிழையே தெரியாது. திரைவாசிப்பானோ பொருளற்ற ஒலிகளை உளறும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்ட பிறகும், பழைய எழுத்துருவில் பக்கம் அமைக்கும் அச்சகப் பழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைப்பதால் இது எளிதில் தீரக்கூடிய குறை.

பிடிஎஃப் கோப்புகளில் வேறொரு தொல்லை உண்டு. யூனிகோடில் எழுதியதே ஆனாலும், கோப்பு உருவான முறையைப் பொறுத்து, ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம்மாறிப் பதியலாம். ஸ்கேன் செய்த பக்கம் இன்னும் மோசம். அது வெறும் படம். எழுத்துணரி மென்பொருளால் அதை உரையாக்கலாம் என்றாலும் துணைக்காலும் ரகரமும், னகரமும் ணகரமும் குழம்பும். பாடம் தெரிந்த ஒருவர் மெய்ப்புப் பார்க்காமல் மாணவரிடம் கொடுக்கலாகாது.

படங்களுக்கு மாற்று விளக்கம் எழுத வேண்டும். புவியியல் பாடத்தில் நீலகிரியின் குந்தா நீர்மின் திட்ட வரைபடம் வருமானால் ‘படம் 3’ என்ற பெயரால் பயனில்லை. அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களின் நீர் மலைச்சரிவில் இறங்கி, குந்தா, கெத்தை மின்நிலையங்களில் அடுத்தடுத்துப் பயன்படுகிறது என்று எழுதினால் வரைபடம் கற்பிக்க வந்தது மாணவரைச் சேரும். கணிதச் சமன்பாடுகளைப் படமாக ஒட்டாமல் மேத்எம்எல் என்னும் கணிதக் குறியீட்டு மொழியில் தர வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிறவேறுபாடு தேவை என்கிறது, டபிள்யூசிஏஜி என்னும் உலகளாவிய வழிகாட்டி.

செவித்திறன் குறைந்தோருக்குக் காணொளியில் வசன எழுத்து வேண்டும். ஆசிரியர் தமிழும் ஆங்கிலக் கலைச்சொல்லும் கலந்து பேசும்போது தானியங்கி எழுத்து அடிக்கடி தடுமாறுகிறது. திருத்தாமல் விட்டால் தவறான பாடமே பதியும். சைகை மொழியில் வளர்ந்த மாணவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி போன்றது. ஆகவே வசன எழுத்தோடு நிறுத்திக்கொள்வது அரைகுறை ஏற்பாடு. இந்தியச் சைகை மொழிக்கென ஒன்றிய அரசு 2015இல் ஆய்வு, பயிற்சி மையம் ஒன்றை அமைத்தது.

கை அசைவு குன்றியோர் சுட்டி இல்லாமல், விசைப்பலகையால் மட்டுமே இயக்கத்தக்கதாகத் தேர்வுப் பக்கம் இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத ஈடுநேரம் தர 2018ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் கூறியது. நேரத்தைத் தானே எண்ணி விடைத்தாளை மூடிவிடும் மென்பொருளில் அந்தச் சலுகைக்கு முன்கூட்டியே இடம் வைக்காவிட்டால் அது ஏட்டோடு நின்றுவிடும்.

நூல்களை அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்றுவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் அனுமதிக்கிறது. இதே நோக்கமுள்ள மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. மின்வழிச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

மஞ்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட குந்தா வட்டம் போன்ற மலைப்பகுதிகளில் இவற்றோடு கோப்பின் அளவும் ஒரு தடை. பள்ளத்தாக்குகளில் கைப்பேசி அலைவரிசை மங்கும். நாட்டுக்கு மின்சாரம் அனுப்பும் இந்த மலையிலேயே மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்சாரம் தடைபடுவதும் உண்டு. ஒரு மணி நேரக் காணொளி நூற்றுக்கணக்கான மெகாபைட் இருக்கும். அதன் முழு உரை சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. இபப், டெய்சி என்னும் மின்னூல் வடிவங்களில் தரப்படும் பாடத்தைச் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொண்டு, வீட்டில் இணையமின்றி, தலைப்புவிட்டுத் தலைப்புத் தாவிக் கேட்கலாம்.