பிளிஸ் குறியீடுகள்

பேச இயலாதவர்கள் கருத்தைத் தெரிவிக்கப் பயன்படுத்தும் வரைகுறி முறை. இதை வகுத்த சார்லஸ் பிளிஸ் (1897–1985) பேச இயலாதோரை மனத்தில் வைத்து இதைச் செய்யவில்லை. செர்னோவிட்ஸ் நகரில் பிறந்த யூதரான அவர் வேதிப் பொறியாளர். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபின் டாக்காவ், புக்கன்வால்ட் முகாம்களில் அடைபட்டு, விடுதலையாகி, இங்கிலாந்து வழியே ஷாங்காய் சேர்ந்தார். அங்கு சீன எழுத்தைக் கண்டவர், ஒலியைச் சாராது எம்மொழியினரும் படிக்கும் எழுத்தொன்றை உருவாக்க முனைந்தார். அதனால் நாடுகளின் பிணக்குகள் குறையும் என்றும் நம்பினார். 1946இல் சிட்னியில் குடியேறி, 1949இல் ‘செமான்டோகிராஃபி’ நூலை வெளியிட்டார். இருபதாண்டுகளுக்கு மேல் அதை அநேகமாக யாரும் பொருட்படுத்தவில்லை.

1971இல் டொராண்டோவில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஒன்டாரியோ மையத்தில் நிலைமை மாறியது. மூளை முடக்குவாதத்தால் பேச்சும் கையசைவும் கட்டுப்படாத சிறுவர்கள் அங்கிருந்தனர். வாசிக்கத் தெரியாததால் எழுத்துப்பலகை உதவவில்லை. படப்பலகையில் தண்ணீரைக் கேட்கலாம், கோபத்தைச் சொல்ல வழியில்லை. ஷெர்லி மெக்நாட்டனும் உடன் பணியாற்றியோரும் சின்னங்களைப் பற்றிய சிறுவர் நூலொன்றில் பிளிஸின் முறையைக் கண்டெடுத்தனர். இதய வடிவம் உணர்ச்சி. மேல்நோக்கிய அம்பு சேர்ந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கியது சேர்ந்தால் துயரம். குறியின் தலையில் சிறு கூம்பு இட்டால் அது வினை. சக்கர நாற்காலியின் தட்டில் பலகை பொருத்தப்பட்டது. குழந்தை விரலாலோ முட்டியாலோ, அதுவும் ஆகாவிடில் பார்வையாலோ குறிகளைச் சுட்டும். ஒவ்வொரு குறியோடும் சொல்லும் எழுதியிருந்ததால், எதிரில் இருப்பவர் குறிகளைக் கற்றிருக்க வேண்டியதில்லை. பலகையில் இல்லாத சொல்லையும் இருக்கும் குறிகளைக் கூட்டி உண்டாக்க முடிந்ததே இம்முறையின் அழகு. சிறுவர்கள் அதைத் தாராளமாகவே செய்தனர்.

செய்தியறிந்து நேரில் வந்த பிளிஸ் முதலில் பூரித்தார். பின்னர், தம் குறிகளை ஆசிரியர்கள் திரித்துவிட்டதாகக் குற்றஞ்சாட்டி வழக்கறிஞர்கள் வரை போனார். செய்யப்பட்டவை திரிபுகளா, வகுப்பறைக்குத் தேவையான இசைவுகளா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பிணக்குக்கு அவரது பிடிவாதமே காரணம் என்பார் பலர். தம் ஆக்கம் பேச்சுக்கு மாற்றாக மட்டும் சுருங்கியதை அவரால் ஏற்க முடியவில்லை என்பாரும் உண்டு. 1982 உடன்பாட்டில் டொராண்டோ அமைப்புக்கு உரிமம் கிடைத்தது.

ஸ்வீடன் உள்ளிட்ட நாடுகளுக்கும் முறை பரவியது. 1980களிலிருந்து படக்குறித் தொகுப்புகளும் குரலெழுப்பும் கருவிகளும் பல இடங்களில் இதைப் பின்தள்ளின. 1993இல் குறிகளுக்குப் பன்னாட்டுக் குறிமுறைப் பதிவு கிடைத்தது. யூனிகோடில் சேர்க்கும் முயற்சியும் நடந்துவருகிறது.